மே மாதம் வரை சொல்லக் கூடாத பெயர்

கோலாரிக் வீட்டில் ஜனவரி முதல் மே ஒன்றாம் தேதி வரை சில பெயர்களை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் தண்டனை உண்டு. அடுத்த ஒரு வாரம் வாசலில் விழும் பனியை எல்லாம் சொன்னவர்தான் தள்ள வேண்டும். அயோவாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் எங்கள் நார்டால் ஊரில் பனி சும்மா தூறிவிட்டுப் போகாது, முழங்கால் வரை விழும். அதனால் இந்தத் தண்டனையை லேசாக நினைத்துவிடாதீர்கள்.

ரொவீனா கோலாரிக் நார்டால் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கோச். அவள் புருஷன் ஆல்டன் அதே கல்லூரியில் கல்வி உதவித்தொகை அலுவலகத்தின் தலைவர். தொல்லை அங்கேதான். விளையாட்டுப் போட்டிகளில் எங்களுடையது மூன்றாம் பிரிவுக் கல்லூரி. நன்றாகப் பந்து ஆடுகிறாள் என்பதற்காக ஒருத்திக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று படிவத்தைப் பார்த்துத்தான் உதவித்தொகை. வருகிறவள் பந்து ஆடுகிறவளா, எக்காளம் ஊதுகிறவளா என்று அலுவலகம் பார்க்கக் கூடாது. கோச்சும் போய் ஒரு வார்த்தை போட்டு வைக்கக் கூடாது. அப்படி எட்டிப் பார்த்த பக்கத்து மாநிலத்துக் கல்லூரி ஒன்று இரண்டு வருஷம் கோப்பைப் போட்டிக்கே போக முடியாமல் கிடந்தது. இங்கேயோ கோச்சும் உதவித்தொகைக்காரரும் ஒரே போர்வைக்குள் தூங்குகிறார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கல்லூரித் தலைவி தோர்ஸ்கார்ட் அம்மாள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். ரொவீனா தேடிப் பிடிக்கும் பெண் ஒருத்தி முன்பணம் கட்டிச் சேரும் வரை அவள் பெயர் அந்த வீட்டில் பேசப்படாது என்று அந்தத் தாள் சொன்னது. எங்கள் ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். இவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், யார் எப்போது சேர்ந்தாலும் சரி, மே ஒன்று வரை வீட்டுக்குள் ஒரு பெயரும் வேண்டாம் என்று பனித் தண்டனையையும் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் பத்திரிகை வந்ததும் ரொவீனா விளையாட்டுப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்த பிறகுதான் மிச்சம் ஆல்டன் கைக்குப் போகும். பள்ளிக்கூட ஆட்டங்கள் பக்கமே ஆல்டன் தலைவைத்துப் படுக்க மாட்டார். ஒரு வருஷம் ரொவீனா தூக்கத்தில் "மார்க்ரீத், இடது பக்கம்!" என்று கத்திவிட்டாள். காலையில் ஆல்டன் பனி வாரும் பலகையை எடுத்துவந்து அவள் கட்டில் பக்கத்தில் சாத்திவைத்தார்.

"தூக்கத்துல சொன்னதுக்கெல்லாமா?" என்றாள் அவள்.

"தூக்கத்துல சொன்னாலும் சொன்னதுதான்" என்றார் அவர்.

ரொவீனா குள்ளம். இடது கைக்காரி. வாய் ஓயாது. ஆட்டத்தின்போது கோட்டுக்கு வெளியே நின்று அவள் போடும் சத்தத்தில் நடுவர்கள் காதைத் தேய்த்துக்கொள்வார்கள். பத்தொன்பது வருஷமாகக் கோச். அதில் ஐந்து முறை லீக்கில் இரண்டாம் இடம். ஐந்து முறை இரண்டாவதாக வருவது எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள், உங்களை அறையைவிட்டே துரத்துவாள். அந்த வாயைக் கட்டிக்கொண்டு வருஷத்தில் நான்கு மாதம் சொந்தப் புருஷனோடு குடித்தனம் நடத்துவது என்றால் அது சின்னக் காரியம் இல்லை.

அந்த வருஷம் அவள் தேடிப் பிடித்த பெண்ணுக்கு ட்ரீனா வுப்பன் என்று பெயர். நார்டாலிலிருந்து நாற்பது மைல் மேற்கே பன்றியும் மக்காச்சோளமும் வளர்க்கும் குடும்பம். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஆட்டம் ஒன்றில் ரொவீனா அவளை முதலில் பார்த்தாள். ட்ரீனா அதிகம் புள்ளி எடுக்கவில்லை. ஆனால் தன் கூட்டாளி ஒருத்தி காவல் இல்லாமல் நிற்கிறாள் என்பது அந்தக் கூட்டாளிக்கே தெரியும் முன் பந்து அவள் கைக்குப் போயிருந்தது. ஒரு தடவை பந்து நேராக அந்தக் கூட்டாளியின் முகத்தில் போய் மோதியது, ஏனென்றால் அவள் அதை எதிர்பார்க்கவில்லை. ரொவீனா நின்றுகொண்டே மொத்த ஆட்டத்தையும் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மறைக்கிறது என்று திட்டினார்கள்.

ட்ரீனாவுக்கும் நார்டால் பிடித்துப்போயிற்று. பயிற்சியைப் பார்க்க வந்தவள், ஆட்டக்கூடத்தைவிட மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில்தான் அதிக நேரம் நின்றாள். கால்நடை வைத்தியம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"கால்டர் ஸ்டேட்லயும் கூப்பிடறாங்க கோச். ஆனா மத்தியானம் லேப் எடுக்காதேங்கறாங்க. அந்த நேரம் பிராக்டீஸாம்" என்றாள்.

"நம்ம பிராக்டீஸை லேப் முடிஞ்சப்புறம் வெச்சுக்கலாம். நான் எங்க போகப் போறேன்?" என்றாள் ரொவீனா.

கால்டர் ஸ்டேட் இரண்டாம் பிரிவுக் கல்லூரி. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். தொப்பி, பனியன், படம் எடுக்க ஆள் என்று தடபுடல் பண்ணுவார்கள். அதற்கெல்லாம் ரொவீனா பயப்படவில்லை. வுப்பன் குடும்பத்துக்கு இருக்கும் வருமானத்துக்கு நார்டாலின் உதவித்தொகையே தாராளமாக வரும், கால்டரைவிடச் செலவு குறையும் என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக இந்தப் பக்கத்துப் பண்ணைகளைப் பார்த்துவருகிறவள் அல்லவா?

பிப்ரவரி மத்தியில் ட்ரீனாவின் அம்மா ஜோலீன் தொலைபேசியில் அழைத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் பெண். குரல் கம்மியிருந்தது.

"கோச், உங்க காலேஜிலிருந்து லெட்டர் வந்திருச்சு. எங்களால முடியாது. வருஷத்துக்கு இருபத்தேழாயிரம் டாலர் நாங்க கட்டணுமாம்."

அது கொஞ்சமும் பொருந்தாத எண். மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு வுப்பன் பண்ணைக்குப் போனாள்.

சமையலறை மேஜையில் ஜோலீன் பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரமான குழம்பை ஊற்றிவைத்தாள். கூடவே இலவங்கப்பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டி. இந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதைப் பார்த்து எங்கள் பக்கத்து ஆட்களைத் தவிர மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ட்ரீனா தலையைக் குனிந்தபடி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கெரிட் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"படிவத்தை நானேதான் எழுதினேன் கோச். அறுநூறு ஏக்கர், ரெண்டு டிராக்டர், ஒரு அறுவடை மிஷின், எல்லாத்தையும் ஒண்ணு விடாம போட்டுட்டேன். வுப்பன் குடும்பம் ஒண்ணும் பிச்சைக்காரக் குடும்பம் இல்லேன்னு தெரியட்டும்."

ரொவீனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த அறுநூறு ஏக்கரில் நானூற்று நாற்பது ஏக்கர் அரிசோனாவில் குடியிருக்கும் ஒரு விதவையின் நிலம். கெரிட் அதைக் குத்தகைக்கு உழுகிறார். அறுவடை இயந்திரத்தில் பாதி அவர் தம்பியுடையது. டிராக்டர்கள் இரண்டும் பாங்கில் அடமானம். இதெல்லாம் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முன்பின் தெரியாதவர்கள் கையில் தன் ஏழ்மையை எழுதிக் கொடுப்பதா என்று மனிதர் இல்லாததை எல்லாம் இருப்பதாக எழுதித் தள்ளியிருக்கிறார்.

"கெரிட், அந்த ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்களேன். மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேக்கலாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் பேசக் கூடாது. சட்டம்" என்றாள் ரொவீனா.

"போன் போட்டு என்னன்னு சொல்றது? எழுதின அளவுக்கு நான் ஆளில்லைன்னா?" கெரிட்டின் கழுத்து சிவந்தது. "கால்டர் கோச் இங்க வந்து உட்காந்து 'உங்க பொண்ணு ஆட்டத்துக்கு ஸ்காலர்ஷிப் தர்றோம்'னாரு. தானியக் கிடங்கு காபிக் கடையில போய் நான் அதைச் சொல்லிக்கலாம். உங்க காலேஜ் குடுக்கறதுக்கு என்ன பேரு? தேவைக்கேத்த உதவி. அதைப் போய் எந்த முகத்தோட சொல்லச் சொல்றீங்க?"

"அப்பா, கால்டர்ல ஆறாயிரம்தான் குடுக்கறாங்க" என்றாள் ட்ரீனா.

"ஆறாயிரமோ ஆறோ, ஸ்காலர்ஷிப் ஸ்காலர்ஷிப்தான்."

ஜோலீன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இந்த மனுஷன்கிட்ட பேசறதுக்குப் பதிலா நான் பன்னிங்ககிட்ட பேசலாம். அதுங்களாவது தலையை ஆட்டும்" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ரொவீனாவும் ஆல்டனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆல்டன் பெரிய உருவம், மெதுவான ஆள். எதையாவது முனகிக்கொண்டே உருளைக்கிழங்கை வெட்டுவார். அந்தப் படிவம் அவருடைய அலுவலக அலமாரியில்தான் இருந்தது. ரொவீனா ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அந்த நிலம் குத்தகை நிலம், அவ்வளவுதான். நாளைக் காலையிலேயே ஆல்டன் அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பார். அந்தப் பெண்ணின் வாழ்க்கை நேராகிவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. பேச்சு அவள் தொண்டைவரை வந்துவிட்டது. அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

முட்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் இருந்த பனிப் பலகையை எடுத்துக்கொண்டு வெளியே போய் வாசலைத் தள்ள ஆரம்பித்தாள். ஆல்டன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ரோ, நீ இன்னிக்கு யார் பேரையும் சொல்லலையே?"

"சொல்லிரக் கூடாதுன்னுதான் தள்றேன். கதவைச் சாத்துங்க, குளிர் உள்ள போகுது."

ஆல்டன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

மார்ச் வந்தது. கால்டர் ஸ்டேட், ஏப்ரல் இரண்டாவது புதன்கிழமை ட்ரீனாவின் பள்ளிக்கூடத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டது. வுப்பன் வீட்டிலிருந்து உதவித்தொகை அலுவலகத்துக்கு யாராவது பேசினார்களா என்று ரொவீனாவுக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை. அவள் நடையையும் பேச்சையும் பார்த்துப் பயந்து, அணிப் பெண்கள் பயிற்சிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்து நின்றார்கள்.

அந்த மாதக் கடைசி சனிக்கிழமை வுப்பன் பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை ஏலம். ஏலம் என்றால் சுற்று வட்டாரமே வரும், வாங்குகிறவனும் வருவான், வேடிக்கை பார்க்கிறவனும் வருவான். ரொவீனாவும் போனாள். அவளுக்கு வாங்க ஒன்றும் இல்லை. கெரிட் வருவார் என்றுதான் போனாள்.

வந்திருந்தார். ஆனால் அவளுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. முழங்கை இரண்டும் கிழிந்து பஞ்சு தெரியும் ஒரு ஜாக்கெட். ஜிப் இல்லாமல் இடுப்பில் வைக்கோல் கட்டும் சணல் கயிறு. காதை மூடும் தொப்பியில் எண்ணெய்க் கறை. ஒரு தானிய வண்டியைச் சுற்றி வந்து, அதன் சக்கரத்தை ஒரு உதை உதைத்து, பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்கும்படி "குப்பை" என்றார். பிறகு துணி ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வந்தவர் போல ஒதுங்கி நின்றார். வண்டி ஏலத்துக்கு வந்ததும் நாலு பேர் கேட்டார்கள். கெரிட் வாயே திறக்கவில்லை. கடைசியில் புருவத்தை மட்டும் இரண்டு தடவை தூக்கினார். வண்டி அவருடையது. நியாயமான விலையில் பாதிக்கு வாங்கியிருந்தார் என்று சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

மாதா கோவில் பெண்கள் வண்டியில் வைத்து விற்ற ஆப்பிள் பணியாரத்தில் இரண்டு துண்டை வாங்கிக்கொண்டு ரொவீனா அவர் பக்கத்தில் போய் நின்று ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"என்ன கெரிட், இந்த ஜாக்கெட்டை எங்க புடிச்சீங்க? நாய்க்குப் போட்டாக்கூட அவுத்துப் போட்டுட்டு ஓடிரும்."

கெரிட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. "இது என் ஏல ஜாக்கெட் கோச். இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் போட்டுக்கிட்டு வர்றேன். நல்ல கோட்டு போட்டுக்கிட்டு எவனாவது ஏலத்துக்கு வருவானா? இவன்கிட்ட காசிருக்குன்னு விலையை ஏத்தி விட்டுர மாட்டாங்க?"

"அப்ப எங்க காலேஜுக்கு மட்டும் ஏன் ஞாயித்துக்கிழமை சூட்டு போட்டுக்கிட்டு வந்தீங்க?" என்றாள் ரொவீனா.

கெரிட்டின் வாயில் இருந்த பணியாரம் வாயிலேயே நின்றது.

"என்ன சொல்றீங்க?"

"காலேஜும் ஏலந்தான். நாலு வருஷ சாமான். எல்லாரும் ஒரே விலை குடுக்கறதில்லை, வாங்கறவனைப் பார்த்துத்தான் விலை. அங்க போய் நீங்க அறுநூறு ஏக்கர், ரெண்டு டிராக்டர்னு சத்தம் போட்டுட்டு வந்திருக்கீங்க. விலை ஏறாம என்ன பண்ணும்?"

"எனக்கு யாரும் தர்மம் போட வேண்டாம்."

"தர்மம் கேக்கச் சொல்லல, விலை பேசச் சொல்றேன். இல்லாததை இல்லேன்னு சொல்லுங்க, இருக்கறதை இருக்குன்னு சொல்லுங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது மாடியில ஒரு ஆபீஸ் இருக்கு. அங்க யார் உட்காந்திருக்காங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

"உங்க புருஷன்தானே?"

"மே மாசம் வரைக்கும் எனக்கு அந்த ஆளைத் தெரியாது" என்றாள் ரொவீனா.

கெரிட் சிரிக்கவில்லை. கோபித்துக்கொண்டாரா, யோசித்தாரா என்றும் தெரியவில்லை. மிச்சப் பணியாரத்தை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு தன் புது வண்டியை இழுத்துக்கொண்டு போக ஏற்பாடு பண்ணப் போய்விட்டார். கெட்ட காரியம் பண்ணிவிட்டோம், மனிதரின் மானத்தில் கைவைத்துவிட்டோம் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரொவீனா தன்னையே திட்டிக்கொண்டாள்.

திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. புதன்கிழமை காலை அவள் ஆட்டக்கூடத்தின் ஜன்னல் பக்கம் நின்று பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, பன்றி நாற்றம் வரும் ஒரு பிக்கப் வண்டி பேராசிரியர்களுக்கு என்று எழுதியிருந்த இடத்தில் வந்து நின்றது. அதிலிருந்து கெரிட் வுப்பன் இறங்கினார். கையில் ஒரு பழைய பூட்ஸ் பெட்டி, அதிலிருந்து தாள்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. உடம்பில் அந்த ஜாக்கெட். முழங்கையில் பஞ்சு. இடுப்பில் சணல் கயிறு.

ரொவீனா பந்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கெரிட் உடனே உள்ளே போகவில்லை. நூற்றைம்பது வருஷமாக நிற்கும் எங்கள் கல்லூரிக் கட்டிடத்தை மேலும் கீழும் பார்த்தார். படியோரம் போய் அடிக்கல்லை ஒரு உதை உதைத்தார். ஜன்னல் திறந்திருந்ததால் அவர் சொன்னது ரொவீனாவுக்குத் தெளிவாகவே கேட்டது.

"குப்பை" என்றார் கெரிட். பிறகு படியேறி உள்ளே போனார்.

ரொவீனா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்ன ஆயிற்று என்று ஓடி வந்த பெண்களிடம், "வாங்கறதுக்கு வந்திருக்காரு! வாங்கறதுக்கு வந்திருக்காரு!" என்று மட்டும் சொன்னாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குப் பிறகும் அவளுக்கு ஒரு தகவலும் இல்லை. ஆல்டன் வீட்டில் வழக்கம் போல முனகிக்கொண்டு உருளைக்கிழங்கை வெட்டினார். கையெழுத்துப் புதனுக்கு இன்னும் ஒரு வாரம், ஆறு நாள், ஐந்து நாள். ரொவீனா பால் டப்பாவை அலமாரியிலும் சர்க்கரையைக் குளிர்பெட்டியிலும் வைத்தாள்.

அந்தத் திங்கள்கிழமை, ஏப்ரல் என்றும் பாராமல், ஒரு அடிக்குப் பனி கொட்டித் தீர்த்தது. சாயங்காலம் ரொவீனா வேலை முடிந்து வந்தபோது ஆல்டன் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். இந்த வாரம் அவருடைய முறையும் இல்லை. ஆல்டன் தானாகப் பலகையைத் தொட்டு இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை. தெருவரைக்கும் தள்ளினார். பக்கத்து வீட்டு நடைபாதையையும் சேர்த்துத் தள்ளினார். ரொவீனா வண்டியிலிருந்து இறங்கக்கூட மறந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆல்டன் வந்து வண்டிக் கதவைத் திறந்தார். மீசையில் பனி.

"என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள் ரொவீனா.

"தண்டனையை முன்கூட்டியே கட்டிட்டேன். மிச்ச வாரத்துக்கும் நான்தான். முன்பணம் கட்டினவங்க பட்டியல் மத்தியானம் எல்லா ஆபீஸுக்கும் வந்திருச்சு, தோர்ஸ்கார்ட் அம்மா தாளுக்கு ஒரு குறையும் இல்லை. இனி நம்ம வீட்டுச் சட்டம் மட்டுந்தான் பாக்கி. அதை இப்ப ஒடைக்கப் போறேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ட்ரீனா வுப்பன்."

ரொவீனா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். கீழே விழுந்தார்கள். இருவரும் ஐம்பது தாண்டியவர்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும், அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், அவதான் நான் தேடிப் புடிச்ச பொண்ணுன்னு?" என்றாள் ரொவீனா பனியில் கிடந்தபடியே.

"அந்த ஆளு பூட்ஸ் பெட்டியோட வந்து உட்காந்ததுமே 'என் பொண்ணு பந்து ஆடுவா'ன்னு ஆரம்பிச்சாரு. நான் கையைத் தூக்கி, 'ஐயா, அதைச் சொல்லாதீங்க, நிலத்தை மட்டும் சொல்லுங்க'ன்னேன். குத்தகைச் சீட்டு, பாங்குச் சீட்டு, தம்பி கைப்பட எழுதின சீட்டு, எல்லாத்தையும் மேஜையில கொட்டினாரு. கணக்கைத் திருத்திப் போட்டா, அவங்க கட்ட வேண்டியது ஒன்பதாயிரத்துக்கு வந்துச்சு. யார் வந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். போகும்போது என்கிட்ட, 'இன்னும் கொஞ்சம் குறைக்க முடியாதா?'ன்னாரு. முடியாதுன்னேன். 'கேட்டு வைக்கறதுல தப்பில்லே'ன்னுட்டுப் போனாரு." ஆல்டன் எழுந்து பனியைத் தட்டிக்கொண்டார். "நீ பிப்ரவரியில சும்மாவே பனி தள்ளினே பாரு, அன்னிக்கே எனக்குத் தெரியும், ஏதோ பெரிசா முழுங்கறேன்னு. அன்னிக்கு உன்னை நெனச்சு எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

கல்யாணமான நாளிலிருந்து ஆல்டன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்று ரொவீனா இன்றும் சொல்வாள்.

கையெழுத்துப் புதன் அன்று பள்ளிக்கூட ஆட்டக்கூடத்தில் மேஜை போட்டு, கேக் வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன ஸ்காலர்ஷிப் என்று தலைமை ஆசிரியர் ஒலிபெருக்கியில் வாசித்தார். நார்டாலில் கையெழுத்துப் போட ஒப்பந்தம் எதுவும் கிடையாது. படம் எடுத்துக்கொள்ள ஒரு அழகான தாள் தருவார்கள், அது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. ட்ரீனாவின் பெயர் வந்ததும் தலைமை ஆசிரியர் என்ன சொல்வது என்று தடுமாறினார். கெரிட் எழுந்து போய் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"ஆட்டத்துக்குன்னு அவங்க எம்பொண்ணுக்கு ஒரு காசு தரல. என்கிட்ட இருக்கறதை எல்லாம் பார்த்தாங்க, இல்லாததையும் பார்த்தாங்க. பார்த்துட்டு, கூட்டிட்டு வாங்கன்னாங்க. அவ நாளைக்கே பந்தைத் தொடாட்டியும் காலேஜ் அவளைப் படிக்க வைக்கும். இதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் நல்ல விலைக்கு வாங்கியிருக்கேன்." அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பண்ணைக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நல்ல விலைக்கு வாங்குவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

அவர் சொன்னது இரண்டாம் வருஷமே சோதனைக்கு வந்தது. டிசம்பரில் ஒரு ஆட்டத்தில் ட்ரீனாவின் முட்டி திருகிக் கிழிந்தது. பதினோரு மாதம் அவள் பந்தைத் தொடவில்லை. கால்டரில் என்றால் ஸ்காலர்ஷிப்பை வருஷாவருஷம் கோச் மனசுவைத்துப் புதுப்பிக்க வேண்டும். இங்கே அவளுடைய உதவித்தொகையில் ஒரு டாலர் குறையவில்லை. ஊன்றுகோலை வைத்துக்கொண்டு மத்தியான லேப்புக்குப் போனாள், பசுவின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள், சாயங்காலம் ரொவீனாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்து அவள் பார்த்தது வீண் போகவில்லை.

இந்த நான்கு வருஷமும் கெரிட் ஒரு உள்ளூர் ஆட்டத்தையும் விட்டதில்லை. எல்லாவற்றுக்கும் அந்தக் கிழிந்த ஜாக்கெட்டோடுதான் வந்தார். ஜோலீன் நான்கு இருக்கை தள்ளிப் போய் உட்காருவாள். அதிர்ஷ்டத்துக்காகப் போடுகிறார் என்று மாணவர்கள் நினைத்தார்கள். சிலர் தாங்களும் சணல் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். ரொவீனா ஒரு தடவை கேட்டபோது அவர் குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஏலம் முடியல கோச். பீஸ் பாக்கி இருக்கற வரைக்கும் நான் நல்ல கோட்டோட உங்க காலேஜுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்றார்.

ட்ரீனாவின் கடைசி வருஷம், மார்ச் மாதம், நார்டால் ஆட்டக்கூடத்தில் லீக் இறுதி ஆட்டம். இருபத்து மூன்றாவது வருஷமாகக் கோட்டுக்கு வெளியே நின்று ரொவீனா கத்திக்கொண்டிருந்தாள். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள், ஆறு விநாடி பாக்கி, பந்து ட்ரீனா கையில். எதிரணியில் மூன்று பேர் அவள்மேல் பாய்ந்தார்கள். கூடத்தில் இருந்த எல்லோரும், எறி, எறி என்று கத்தினார்கள். ரொவீனா மட்டும் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். ட்ரீனா திரும்பிப் பார்க்காமலேயே பந்தை இடது மூலைக்குத் தள்ளினாள். அங்கே முதல் வருஷப் பெண் ஒருத்தி, தான் காவல் இல்லாமல் நிற்கிறோம் என்பதே தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். பந்து கைக்கு வந்தது, என்ன செய்வது என்று யோசிக்க நேரம் இல்லாததால் எறிந்துவிட்டாள். மணி அடித்தபோது பந்து வலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கூடம் முழுக்க ஜனம் இறங்கிவிட்டது. ஏணி கொண்டுவந்து போட்டார்கள், ஜெயித்த அணியின் வழக்கப்படி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெண்ணாக ஏறி வலையிலிருந்து ஒவ்வொரு இழையை வெட்டினாள். ஆல்டன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், முனகவில்லை, வாய்விட்டுப் பாடினார். ரொவீனா அழுதாள், யாரைக் கண்டாலும் கட்டிப்பிடித்தாள், நடுவரையும் கட்டிப்பிடித்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு மனிதர் அவள் முன்னால் வந்து நின்றார். கறுப்பு சூட்டு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, டை, பளபளக்கும் பூட்ஸ். அவர் பக்கத்திலேயே, கையைக் கோத்துக்கொண்டு, ஜோலீன். ரொவீனாவுக்கு ஆள் யாரென்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"கெரிட்! ஜாக்கெட் எங்க?"

"ஜனவரியில கடைசி பீஸ் கட்டியாச்சு கோச். ஏலம் முடிஞ்சுபோச்சு" என்றார் கெரிட்.

ஏணி உச்சியில் ட்ரீனா வலையைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கெரிட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த பலகை இருக்கையின் காலைத் தன் பளபளக்கும் பூட்ஸால் ஒரு உதை உதைத்தார்.

"நல்ல சாமான் கோச். முதல் நாளே தெரியும். வாங்கி முடியற வரைக்கும் சொல்லக் கூடாதில்லையா?" என்றார்.